பின்னறைக்கு வராத வைஃபை

என் வீட்டுக்காரர் ராஜகுமாருக்கு எங்கள் வீட்டில் எந்த சுவிட்சைப் போட்டால் எது எரியும் என்று இன்னும் பிடிபடவில்லை. கூடத்து விளக்கைப் போடப் போவார். முதலில் ஃபேன் சுற்றும். அடுத்து வாசல் விளக்கு எரியும். மூன்றாவது தடவைதான் கூடத்தில் வெளிச்சம் வரும். ஒவ்வொரு தப்புக்கும் என்னைத் திரும்பிப் பார்த்து அசட்டுத்தனமாக ஒரு சிரிப்பு. விருந்துக்குப் போன வீட்டில் பிள்ளை கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டால் அப்பன்காரன் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

வீடு அவர் சம்பாதித்துக் கட்டியது. இராஜாக்கமங்கலத்துக்குக் கிழக்கே, தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. வானம் தோண்டிய நாள் முதல் குடிபுகுந்த பால்காய்ப்பு வரை பக்கத்தில் நின்று பார்த்தது நான். அவர் சவுதியில், தம்மாமில் இருந்தபடி போட்டோவில் பார்த்தார். பால்காய்ப்பு அன்று போனில் கூப்பிட்டு, "வாசல் நடை எந்தப் பக்கம் பாத்து வச்சிருக்கு பிந்து?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்த பிறகு போய்த் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

இருபத்தைந்து வயதில் வளைகுடாவுக்குப் போன மனுஷன். நிலம் அளக்கிறவருக்கு டேப்பின் மறுமுனையைப் பிடிக்கிற வேலைக்குத்தான் போனார். மத்தியானம் எல்லாரும் நிழல் தேடிப் படுக்கும்போது இவர் மட்டும் சைட் ஆபீசில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவாராம். அப்படியே படம் வரையப் படித்துக்கொண்டார். படம் என்றால் கட்டட வரைபடம். எந்தத் தூணில் எத்தனை கம்பி, எந்த பீமில் எங்கே வளைவு என்று காட்டுவது. டேப் பிடித்தவர் ஆறே வருஷத்தில் டிராஃப்ட்ஸ்மேன் ஆனார். இதை அவர் வாயால் நான் கேட்டதில்லை. கூட வேலை பார்த்த தக்கலைக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தொரு வருஷம். அதில் ஒரே கூரைக்குக் கீழே லீவில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களை, அவருடைய பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அறுநூற்றுப் பதினேழு. எங்கள் மகள் ஆதிரா கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அவள் பங்குக்குக் கிடைத்தது இன்னும் குறைவு. இந்த எண்ணிக்கையை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் மன்னிப்புக் கேட்டுவிடுவார். அதைப் பார்க்க என்னால் ஆகாது.

போன ஆவணியில் காண்டிராக்ட் முடிந்து ஒரேயடியாக வந்துவிட்டார். நான் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளைத் தாய்மார்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் இருக்கிறாரா என்று பார்க்க வீட்டுக்கு ஓடி வருவேன். இருப்பார். நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார்ந்திருப்பார். முழு நாற்காலியையும் அவர் எடுத்துக்கொள்வதில்லை. கட்டிலிலும் அப்படித்தான். அங்கே ஆறு பேர் அறையில், இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் கிடந்த பழக்கம். இங்கே அகலக் கட்டிலிலும் ஓரமாக ஒருக்களித்து, விடிகிற வரைக்கும் புரளாமல் கிடப்பார். நடுவில் இன்னும் இரண்டு பேர் படுக்கலாம்.

"இந்தத் தோர்த்த நான் எடுக்கட்டா?" என்று துண்டைக் காட்டிக் கேட்பார். "ஃபேன கொஞ்சம் கூட்டட்டா?" என்று கேட்பார். எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

"வாடகைக்கு வந்தவன்கூட இப்பிடிக் கேக்க மாட்டான். எடுங்க, கூட்டுங்க, ஒங்க இஷ்டம்போல செய்யுங்க" என்பேன். சரி என்று தலையாட்டுவார். மறுநாளும் கேட்பார்.

கை மறந்துவிடக் கூடாது என்று நாகர்கோவிலில் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, சும்மா படம் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார். கார்த்திகை பிறந்ததும் பழைய கம்பெனி இன்ஜினியர் கூப்பிட்டார். வீட்டிலிருந்தபடியே வேலை செய், ஒரு மாதம் பார்ப்போம் என்றார். நெட் வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அங்கே கிடக்கிற படத்தை இங்கிருந்தே வரைய வேண்டும். சரிப்பட்டால் நிரந்தரமாக வீட்டிலேயே இருந்து செய்யலாம். சரிப்படாவிட்டால் பழையபடி தம்மாமுக்கு வந்துவிட வேண்டும், விசா தயாராக இருக்கிறது என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னறைக்கு வெள்ளையடித்தேன். நீலத்துணி வாங்கி ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டேன். மேசை, நாற்காலி, கால் வைக்க ஒரு பலகை எல்லாம் ஒழுங்கு பண்ணி, "இதாக்கும் ஒங்க ஆபீஸ்" என்று காட்டினேன். "கொள்ளாம் பிந்து, நல்லா இருக்கு" என்றார்.

எங்கள் வீட்டு அமைப்பு சுலபம். முன்னால் கூடம். கூடத்தின் ஒரு பக்கம் அடுக்களை. கூடத்துக்கு அடுத்தது சாமி அறை. அதற்கும் பின்னால் இந்தப் பின்னறை. பக்கத்து இடைகழி வழியாகத்தான் அதற்குப் போக வேண்டும். வைஃபை மோடம் கூடத்தில், டிவிக்கு மேலே. மேசையை நான் பின்னறையில் சாமி அறைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன், ஜன்னல் காற்று அவர் முதுகில் படட்டும் என்று.

வேலை தொடங்கிய அன்றே தகராறு. நூறு ஸ்பீடு என்று சொல்லித்தான் நெட் கனெக்‌ஷன் எடுத்திருந்தோம். மேசையில் உட்கார்ந்து அளந்து பார்த்தால் மூன்று காட்டுகிறது. ஒரு நல்ல நாளில் நாலு. மூன்று என்றால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், படம் திறக்காது. திறந்தாலும் ஒரு கோட்டை இழுத்தால் அது போய்ச் சேர்வதற்குள் இவர் ஒரு கட்டன்சாயாவைக் குடித்து முடித்துவிடுவார். மொபைல் நெட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்றால் தென்னைகளுக்குள்ளே ஒற்றைக் கோடுதான் சிக்னல். காலையில் அனுப்ப வேண்டிய படம் சாயங்காலம் போகும். ஒருநாள் போகவே இல்லை.

மூன்றாவது வாரம் இன்ஜினியரிடமிருந்து செய்தி வந்தது. வருகிற வியாழக்கிழமை நம் நேரம் மத்தியானம் ஒன்றரைக்கு மீட்டிங். பெரிய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, இவர் தன் திரையைக் காட்டியபடியே ஒரு படத்தைத் திருத்திக் காட்ட வேண்டும். அன்றும் நெட் திணறினால் ஊரிலிருந்து வேலை என்ற பேச்சே கிடையாது, பாஸ்போர்ட்டை ஏஜென்டிடம் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தார். இவர் இதை, நாளைக்குக் கரண்ட் இருக்காதாம் என்று சொல்கிற மாதிரி என்னிடம் சொன்னார். இன்னொரு தடவை அனுப்பி வைக்க எனக்குத் திராணி இல்லை. அதை நான் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. நேராக ஜெபமணி அண்ணனுக்குத்தான் போன் போட்டேன்.

ஜெபமணி அண்ணன் கடற்கரை ஊர்க்காரர். கேபிள் டிவி காலத்திலிருந்தே இந்தப் பக்கத்துத் தென்னைகளுக்கு நடுவில் வயர் இழுக்கிறவர். இப்போது அதே கம்பெனியில் நெட்டும் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை வந்தார். மோடத்துக்குக் கீழே நின்று போனில் அளந்து பார்த்தார். தொண்ணூற்று நாலு.

"லைன்ல ஒரு கொறையும் இல்ல தங்கச்சி" என்றார். வாசலில் நின்று அளந்தார், அறுபது. அடுக்களையில் ஐம்பது. பின்னறை மேசைக்குப் பக்கத்தில் போனதும் போனே ஐந்து காட்டியது. கம்ப்யூட்டரில் மூன்று.

கம்ப்யூட்டரின் முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு வைஃபை குச்சி செருகியிருந்தது. சுவரைப் பார்க்கச் செருகினால் சிக்னல் எப்படிப் பிடிக்கும் என்று சொல்லி, அதை உருவி முன்பக்கம் செருகினார். மூன்று, நாலு ஆனது. வைஃபையை விட்டுவிட்டு மோடத்திலிருந்து நேராக வயர் இழுத்துவிடலாமே என்றார். கம்ப்யூட்டரில் அந்த வயரைக் குத்துகிற இடம் ஐப்பசி இடியில் கெட்டுப் போய்விட்டது. அதற்கு மாற்று நாகர்கோவில் கடையில் சொல்லி வைத்திருந்தோம், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

"அப்போ மேசய கூடத்துல கொண்டுவந்து போட்டுப் பாப்பமா?" என்று ஜெபமணி அண்ணன் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அதென்னத்துக்கு? அவருக்குன்னு வெள்ளையடிச்சு வச்ச ரூமாக்கும். அங்க சரியாக்கித் தாங்க" என்று நான் சொன்னேன். இவர் தலையாட்டினார்.

சனிக்கிழமை ஜெபமணி அண்ணன் மறுபடி வந்தார். பக்கத்து வீட்டு வைஃபையும் எங்களுடையதும் ஒரே சானலில் முட்டிக்கொள்கிறதோ என்று சானலை மாற்றினார். மோடம் இரண்டு விதமாகச் சிக்னல் விடுமாம். ஒன்று வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். மற்றது மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூன்று, நாலு, மூன்று. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் கேட்டார்.

"எடையில வல்ல சாமானும் மறிக்குதா தங்கச்சி? இரும்பு பீரோ? மீன்தொட்டி? ஆளுயரக் கண்ணாடி ஏதும்? கண்ணாடிக்க முதுகுல பூசியிருக்க பூச்சு இருக்கில்லா, அதுல தட்டினா சிக்னலு திரும்பிப் போயிரும்."

நான் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். பீரோ எங்கள் படுக்கை அறையில், அது வேறு பக்கம். மீன் வளர்க்கிற பழக்கம் இல்லை. "முகம் கழுவுத எடத்துல ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. வேற ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

சாமி அறை வாசலில் திரை போட்டிருக்கும். ஜெபமணி அண்ணன் அதுவரைக்கும் வந்து நின்றார். "சாமி ரூம்தானே? நான் மீனு தின்னுட்டு வாறேன், உள்ள வரல்ல" என்று மரியாதையாகத் திரும்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமை மோடத்தையே கழற்றிவிட்டு வேறு ஒன்று மாட்டினார். மேசையில் அதே மூன்று. ஜெபமணி அண்ணனுக்கே முகம் வாடிவிட்டது. "முப்பது வருசமா இந்த வேல பாக்கேன். இதுமாதிரி ஒரு எளவ கண்டதில்ல" என்று சொல்லிவிட்டு, சாயா குடிக்கக்கூட நிற்காமல் போனார்.

எனக்கு வேறொரு சந்தேகம் அரிக்க ஆரம்பித்தது. இத்தனை நாளில் ஜெபமணி அண்ணனோடு நின்று எட்டிப் பார்த்தது, ஏன், எதற்கு என்று கேட்டது எல்லாம் நான்தான். கம்ப்யூட்டரில் பழம் தின்று கொட்டை போட்ட இந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஸ்பீடை அளந்து பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். போக வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருக்கிறதோ என்று நினைத்தேன். இருபத்து நாலு வருஷம் இருந்த இடம். அங்கே அவருக்கு எந்த சுவிட்ச் எது என்று தெரியும்.

புதன்கிழமை அங்கன்வாடி விட்டு வந்தபோது மேசைமேல் பாஸ்போர்ட் இருந்தது. பெட்டிக்குள் கிடந்தது வெளியே வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"போணும்னா நேரடியா போணும்னு சொல்லுங்க. பாவம், மோடத்துக்க மேல பழியப் போடாண்டாம்" என்றேன்.

"போணும்னு நான் எப்ப சொன்னேன்?"

"போவலன்னும் சொல்லல்லியே."

அவர் போய் நீலத் திரையை ஒதுக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அளந்துகொண்டே நடந்தேன். கோபம் வந்தால் எனக்கு நடக்க வேண்டும். கூடம், எண்பத்தெட்டு. அடுக்களை, ஐம்பத்திரண்டு. அதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. கால் கழுவிக்கொண்டு சாமி அறைக்குள் போனேன்.

நாங்கள் அய்யாவழிக்காரர்கள். எங்களுக்குச் சிலை கிடையாது. சாமி இருக்கிற இடத்தில் ஓர் ஆளுயரக் கண்ணாடி இருக்கும், இரண்டு பக்கமும் விளக்கு. ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டும், பெண்கள் நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டும் அதற்கு முன்னால் நின்று கும்பிடுவோம். கண்ணாடியில் தெரிகிற உனக்குள்தான் இறைவன் இருக்கிறான் என்பது நம்பிக்கை. பால்காய்ப்பு அன்று சுவரில் பதித்தது எங்கள் கண்ணாடி. பதினைந்து வருஷமாக விடியும்போதும் விளக்கு வைக்கும்போதும் அதன் முன்னால் நிற்கிறேன். அதில் நான் தலை சீவியது கிடையாது. பொட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தது கிடையாது. ஜெபமணி அண்ணன் ஆளுயரக் கண்ணாடி உண்டா என்று கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. என் மனசில் அப்படி ஒரு சாமான் இந்த வீட்டில் இல்லை.

விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் என் கையில் போன் இருந்தது. சாமி அறைக்குள் நான் போன் கொண்டு போவதே இல்லை. அன்று கோபத்தில் வைக்க மறந்துவிட்டேன். அது எழுபத்தொன்று காட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் எழுபத்தொன்று, சுவருக்கு அந்தப் பக்கம் மேசை, அங்கே மூன்று. சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். நான் கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்று பார்த்த சுவர். அதில் இந்தக் கண்ணாடியைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இவர் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று யார் முன்னால் நின்று கேட்டேனோ அதுவே குறுக்கே நிற்கிறது. இல்லை, அதன்மேல் ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? கேட்டவரிடம் இல்லை என்று சொன்னது நான். மேசையை அதன் முதுகில் கொண்டுபோய் ஒட்டி வைத்ததும் நான்.

"இஞ்ச வாருங்க" என்று கூப்பிட்டேன். வந்து திரைக்கு வெளியிலேயே நின்றார். கண்ணாடியையும் போனையும் காட்டினேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஞாயித்துக்கெழம தெரிஞ்சுது" என்றார். "விடியக்காலத்த தலைப்பாக கட்டிட்டு நின்னேன் பாத்தியா, அப்பதான் ஜெபமணி சொன்னது ஓர்மை வந்துது. அங்க கேம்ப் ரூம்ல ஒருத்தன் கதவுல கண்ணாடி மாட்டினப்பவும் எங்களுக்கு நெட் போச்சு."

"ஞாயித்துக்கெழமை. இன்னைக்குப் புதன். நாலு நாளு வாயத் தொறக்கல்ல."

"நீ இல்லன்னு சொல்லிட்ட பிந்து. அத எளக்கி வைன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? எனக்காகத்தானே அதுக்க முன்னாடி இவ்வளவு காலம் நின்ன."

"அத யாரு எளக்கச் சொன்னா? மேசய எளக்கினா போராதா? தூக்கிக் கொண்டுபோய்க் கூடத்துல போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

"மேச அங்கதான்னு நீ காட்டினியே" என்றார்.

ஒரு மேசையை இடம் மாற்ற வேண்டும் என்று பெண்டாட்டியிடம் சொல்ல முடியாமல், கடல் கடந்து போகத் தயாராகிப் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்திருக்கிறார் ஒரு மனுஷன். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. "இது ஒங்க வீடுல்லா? ஒரு மேசய எளக்க ஒங்களுக்கு யாருக்க அனுமதி வேணும்?" என்று கத்தியே விட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார். "ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல லீவுக்கு வந்தப்ப ஃபிரிட்ஜ ஜன்னலுக்குப் பக்கத்துல எளக்கி வச்சேன். ஒனக்கு ஓர்மையில்லையா? ரெண்டு மாசம் நின்னுட்டுப் போறவரு எதுக்கு சாமானத்தயெல்லாம் எளக்குதியன்னு கேட்ட. பொறவு நான் ஒத்தைக்கு நின்னுல்லா பழைய எடத்துக்குத் தள்ளணும்னு சொன்ன. நீ சொன்னது நேரு பிந்து, ஞாயந்தான். அதுக்குப் பொறவு நான் ஒண்ணையும் தொடல்ல."

எனக்கு அது ஞாபகமே இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், அந்த ஃபிரிட்ஜும் வரவில்லை, அந்தப் பேச்சும் வரவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அது என் வாயிலிருந்து வருகிற பேச்சுதான். ஒற்றை ஆளாக வீட்டைக் கட்டி, பிள்ளையை வளர்த்து, அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லாவற்றையும் துடைத்து வைத்து, அவர் போன மறுநாள் எல்லாவற்றையும் பழையபடி எடுத்து வைத்துப் பழகிய வாய். நான் எப்போதோ சொல்லி மறந்ததை இந்த மனுஷன் மனசில் போட்டுக்கொண்டு, இந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்பிடாது" என்றேன். "எனக்கு ஒங்கள அனுப்பி வச்சு மதியாச்சு, போதும். இனி அனுப்ப மாட்டேன். நீங்க போவாண்டாம்."

இருபத்தொரு வருஷத்தில் இந்த வார்த்தையை நான் சொன்னது அன்றுதான். ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்டில் "பாத்துப் போங்க" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவர் என் கையை விடவில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றோம், சாமி அறைத் திரைக்கு அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக.

"மேசய எங்க போடணும்? நீங்களே எடம் சொல்லுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன்.

கூடத்துக்கு வந்தார். நடுவில் நின்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். ஜன்னலோரம் நல்ல இடம் இருந்தது. டிவிக்கு எதிரிலும் இருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நேரம் நான் பேசாமல் இருந்ததை ஆதிரா பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள். கடைசியில் அவர் அடுக்களை வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒரு ஆள் நுழைகிற வழிதான் அது.

"இஞ்ச போட்டா, நீ உள்ள நிக்கது தெரியும்" என்றார். பிறகு பழக்கம் விடாமல் கேட்டார், "ஒனக்கு எடஞ்சலா இருக்குமா?"

"எடஞ்சல்தான். போடுங்க" என்றேன்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இடைகழி வழியாகக் கொண்டு வந்தோம். திருப்பத்தில் மேசைக்கால் உரசிச் சுவரில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. அவர் நின்று என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கம்ப்யூட்டரை மாட்டி, குச்சியை முன்பக்கம் செருகி, அளந்து பார்த்தார். அறுபத்தாறு. இரண்டாவது தடவையும் அளந்தார். அறுபத்தெட்டு. ஜெபமணி அண்ணனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "அந்தத் திரைக்க கிட்டவே நான் நின்னேனே தங்கச்சி" என்றார்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். ஒன்றரை மணிக்கு அவர் சட்டையெல்லாம் மாற்றி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அடுக்களைக்குள் நின்றேன். மிக்சி போடவில்லை, பாத்திரத்தைத் தொடவில்லை. அவர் பேசிய இங்கிலீஷும் அரபியும் எனக்குப் பாதிக்குப் பாதி புரியவில்லை. ஆனால் திரை தெரிந்தது. படம் திறந்தது. அவர் இழுத்த கோடு இழுத்த இடத்துக்குப் போனது. ஒரு தூணை அழித்து வேறு இடத்தில் வைத்தார், கம்பிகளை எண்ணி மாற்றினார், யாரோ ஏதோ கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். என் வீட்டுக்காரர் வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு வேகம், எவ்வளவு தெளிவு. அந்தக் கையில் எந்தத் தயக்கமும் இல்லை. எனக்குப் பெருமையில் கண் நிறைந்தது.

ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அடுக்களைப் பக்கம் பார்த்தார். "ஒத்துக்கிட்டானுவ. இஞ்ச இருந்தே செய்யச் சொல்லியாச்சு" என்றார். ஏஜென்டுக்கும் அப்போதே போன் செய்து, வரவில்லை என்று ஒரு வரியில் சொன்னார். நான் சோறு போட்டேன். சின்ன வெங்காயத்தைப் புளிவிட்டு உள்ளித்தீயல் வைத்திருந்தேன், கூடவே பப்படம். மூன்று மணிக்குத்தான் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் பிசைந்து ஒரு உருண்டை வாயில் வைத்தார். மென்றார். பிறகு இலேசாக முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தீயல்ல புளி கூடிப்போச்சு பிந்து" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என் சமையலை அவர் ஒரு குறை சொன்னதில்லை. எதை வைத்தாலும் கொள்ளாம், நல்லா இருக்கு என்பார். உப்பே போடாத சாம்பாரையும் ஒரு தடவை நல்லா இருக்கு என்று சாப்பிட்டு எழுந்தவர். அறுநூற்றுப் பதினேழு நாளும் அப்படித்தான். நானும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். உண்மைதான், புளி கூடத்தான் இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"செரி. நாளைக்குக் கொறச்சு விடுதேன்" என்றேன்.